இரண்டு சமோவாக்களில் வாழ்க்கை எங்கே எளிது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். 1899இல் ஜெர்மனியும் அமெரிக்காவும் பங்கிட்டுக்கொண்ட சமோவாத் தீவுகளில், மேற்குப் பகுதி பின்னர் நியூசிலாந்தின் கைக்கு மாறி 1962இல் விடுதலை பெற்றது. கிழக்குப் பகுதி இன்றும் அமெரிக்க ஆட்சிப்பகுதியாகவே நீடிக்கிறது. மொழியும் உறவுகளும் ஒன்றாக இருக்க, ஒரு சாதாரணக் குடும்பம் பிழைப்பதற்கு எந்தப் பக்கம் எளிது? தனிநபர் வருமானத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட மனம் ஒப்பவில்லை.

மறுமொழி 1:
கூலி என்று பார்த்தால் கிழக்குத்தான், ஐயா. சம்பளம் டாலரில் கிடைப்பதால், பாகோ பாகோ துறைமுகத்தை ஒட்டிய டூனா மீன் ஆலையில் மீனைச் சுத்தம் செய்து டப்பாவில் அடைக்கும் வேலைக்கு மேற்கிலிருந்து ஏராளமானோர் கடல் தாண்டிப் போகிறார்கள். ஆனால் தனியார் வேலைவாய்ப்பு பெரும்பாலும் அந்த ஒரே ஆலையை நம்பியிருக்கிறது. 2009இல் இன்னொரு பெரிய ஆலை மூடப்பட்டபோது சுமார் இரண்டாயிரம் பேர் வேலை இழந்தார்கள். அதே நேரத்தில், செப்டம்பர் 29 அன்று, சுனாமியும் தாக்கியது. 2010இல் 55,519ஆக இருந்த மக்கள்தொகை 2020இல் 49,710ஆகக் குறைந்துவிட்டது. அங்குப் பிறந்தவர்கள் அமெரிக்கக் குடிமக்களாக இல்லாவிட்டாலும், விசா இல்லாமலே ஹவாயிலோ கலிபோர்னியாவிலோ குடியேறலாம். மேற்கில் உள்ளவர்களோ, நியூசிலாந்து ஆண்டுக்கு 1,100 பேருக்கு ஒதுக்கும் இடங்களுக்காகக் குலுக்கலில் பெயர் வருமா என்று காத்திருக்க வேண்டும்.

மறுமொழி 2:
குழந்தை உள்ள குடும்பம் என்றால் நான் முதலில் தடுப்பூசியைத்தான் பார்ப்பேன். 2018இல் தவறாகக் கலக்கப்பட்ட தடுப்பு மருந்தால் மேற்கில் இரண்டு குழந்தைகள் இறந்தன. அந்த அச்சத்தில் தடுப்பூசித் திட்டம் தடைப்பட்டு, 2019இல் தட்டம்மை பரவியபோது 83 உயிர்கள் பறிபோயின. இறந்தவர்களில் பெரும்பாலோர் சின்னஞ்சிறு பிள்ளைகள். அந்த டிசம்பரில் அரசு நாட்டையே இரண்டு நாள் நிறுத்தி வைத்து, தடுப்பூசி போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, வீடு வீடாகச் செவிலியர்களை அனுப்பியது. தடுப்பூசி முறையாகப் போடப்பட்டிருந்த கிழக்கில் இந்தப் பேரிழப்பு நேரவில்லை. இதைவிடக் கனமான அளவுகோல் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுமொழி 3:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் நிலத்தை மறந்துவிடக் கூடாது. இரு பக்கமும் பெரும்பகுதி நிலம் குடும்பப் பொதுச்சொத்து. அதை மேற்பார்வையிடுபவர் 'மத்தாய்' எனப்படும் குடும்பத் தலைவர். வேலை போனாலும் சேம்பும் ஈரப்பலாவும் தேங்காயும் விளையும் மண் கைவிட்டுப் போவதில்லை. முழுக் குடியுரிமை வந்தால் இந்த நில முறை நீதிமன்றத்தில் நிற்காது என்று அஞ்சித்தான், குடியுரிமை கோரிச் சிலர் தொடுத்த வழக்கைக் கிழக்கின் அரசே எதிர்த்தது. 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை விசாரிக்க மறுத்துவிட்டது. மேற்குக்கோ தன் விருப்பப்படி முடிவெடுக்கும் உரிமை இருக்கிறது. நியூசிலாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பழைய வண்டிகளை மலிவாக இறக்குமதி செய்வதற்காக 2009இல் சாலையின் இடப்பக்கத்துக்கு மாறியது. அந்நாடுகளின் கிழமையோடு ஒத்துப்போய் அவற்றுடன் வணிகம் எளிதாக வேண்டும் என்று 2011 டிசம்பர் 30 என்ற நாளையே நாட்காட்டியிலிருந்து நீக்கியது. கூலி குறைவு என்பது உண்மைதான்; ஆயினும் ஓர் ஆலை மூடினால் ஊரே ஆட்டம் காணும் நிலை அங்கில்லை என்பதால், நான் மேற்கையே தேர்ந்தெடுப்பேன்.