சாதா கால்குலேட்டரில் மணி, நிமிஷம் கூட்டினால் ஏன் இடிக்கிறது?

பட்டறைக்கணக்கு:
லேத் பட்டறை வாரக்கூலிக் கணக்கு. இருப்பது மேசைமேல் வைக்கும் 12 இலக்க சாதா கால்குலேட்டர். எம்+, எம்−, எம்ஆர்சி, ஜிடி பொத்தான்கள் உண்டு. ஒருவருடைய ஆறு நாள் வேலை நேரம் நோட்டில் இப்படி: 8.35, 9.10, 8.50, 8.45, 9.05, 7.55. கூட்டினால் 51 காட்டுகிறது. அவரோ 52 மணி 20 நிமிஷம் என்கிறார். மணிக்கு 90 ரூபாய், 48 மணிக்கு மேல் இரட்டைக் கூலி. யார் கணக்கு சரி? வாராவாரம் 14 பேருக்குப் போட வேண்டும். வந்த நேரம், போன நேரம் கழிக்கவும் வழி சொல்லுங்கள். இரவு ஷிஃப்டும் உண்டு.

பேரேடு:
அவர் சொல்வதுதான் சரி. புள்ளிக்குப் பின்னால் 100 சேர்ந்தால்தான் கால்குலேட்டர் ஒன்றை இடப்பக்கம் ஏற்றும். நிமிஷமோ 60-லேயே மணியாகிவிடும். உங்கள் மணிகளை மட்டும் கூட்டினால் 49, நிமிஷங்களை மட்டும் கூட்டினால் 200. இருநூறு நிமிஷம் என்றால் 3 மணி 20. கால்குலேட்டர் அதை 2 என்று ஏற்றிவிட்டது.

கூலிக்கு எல்லாவற்றையும் நிமிஷமாக்கிக் கூட்டுங்கள். நினைவில் உள்ளதைக் காட்டும் எம்ஆர்சியை இரண்டு முறை தட்டினால் பழைய நினைவு அழியும்; மூலையில் தெரியும் எம் குறி போய்விட்டதா என்று பாருங்கள். பிறகு

8 × 60 + 35 எம்+
9 × 60 + 10 எம்+

என்று ஆறு நாளும். எம்+ ஒவ்வொரு விடையையும் நினைவில் கூட்டிவைக்கும். எம்ஆர்சி தட்டினால் 3140 வரும். வரிசையை மாற்றாதீர்கள்: சாதா கால்குலேட்டர் தட்டின வரிசையிலேயே கணக்குப் போடும். 35 + 8 × 60 என்று போட்டால் முதலில் 43 ஆக்கி, அதை 60-ஆல் பெருக்கி 2580 காட்டும், வரவேண்டியது 515.

எம்+ தட்டினாலே கணக்கு முடிந்துவிடுகிறதா என்று ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள். 2 × 3 எம்+, எம்ஆர்சி: 6 வந்தால் சரி. வராவிட்டால் ஒவ்வொரு முறையும் = தட்டிவிட்டு எம்+.

48 மணி என்பது 2880 நிமிஷம். 3140 − 2880 = 260 நிமிஷம் ஓவர்டைம்.

பட்டறைக்கணக்கு:
260 நிமிஷம் 4 மணி 20 தானே? 4.20 × 180 போட்டால் 756 வருகிறதே, அதைக் கொடுத்தால் போதுமா?

பேரேடு:
போதாது, 24 ரூபாய் குறைகிறது. 4.20 என்றால் கால்குலேட்டருக்கு நாலே நாலு மணியும் ஒரு மணியில் ஐந்தில் ஒரு பங்கும்; அது 4 மணி 12 நிமிஷம். 260 × 180 ÷ 60 போடுங்கள், 780 வரும். அதோடு 48 × 90 = 4320. மொத்தம் 5100 ரூபாய்.

முதலில் பெருக்கி, கடைசியில் வகுப்பதற்குக் காரணம் உண்டு. 260 ÷ 60 × 180 என்று போனால் நடுவில் 4.33333333333 என்று வெட்டுப்பட்டு, முடிவு 779.999999999 என்று நிற்கும். அது 780தான், ஆனால் பைசாவை வெட்டி எழுதுகிறவர் கையில் 779 ஆகிவிடும்.

முனையம்:
= தட்டின விடைகளையெல்லாம் தானே கூட்டிவைக்கும் ஜிடி இருக்கிறதே, எம்+ எதற்கு? 8 × 60 + 35 = என்று ஆறு தடவை தட்டிவிட்டு ஜிடியை அமுக்கினால் அதே 3140. ஒரே ஆபத்து, நடுவில் டீக்காசு கணக்குக்கு ஒரு = தட்டினாலும் அதுவும் உள்ளே போய்ச் சேர்ந்துவிடும். ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால் ஏசி அடித்து ஜிடி காலியா என்று பாருங்கள்.

நாற்பதுக்காரர்:
கழிப்பதற்குப் புள்ளியே வேண்டாம். 24 மணி நேரக் கணக்கில் மணியையும் நிமிஷத்தையும் ஒட்டி ஒரே எண்ணாகத் தட்டுங்கள். காலை 8.45 வந்து மாலை 5.20 போனால் 1720 − 845 = 875. போன நேரத்தின் நிமிஷம் (20) வந்த நேரத்தின் நிமிஷத்தைவிட (45) குறைவு. அதனால் இன்னொரு 40 கழிக்க வேண்டும். 835, அதாவது 8 மணி 35. மணியிலிருந்து கடன் வாங்கும்போது 60-க்குப் பதில் 100 வாங்கிவிடுகிறது கால்குலேட்டர், அந்த 40-ஐத் திருப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். நிமிஷம் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் 40 வேண்டாம்.

சாப்பாட்டு நேரம் 45 நிமிஷத்தைக் கழிக்கவும் இதே விதி: 835 − 45 = 790, 35 சிறியது, 40 கழித்தால் 750. ஏழு மணி 50.

இரவு ஷிஃப்டில் போன நேரத்தோடு 2400 சேருங்கள். இரவு 10.15 முதல் காலை 6.50 வரை: 650 + 2400 − 2215 = 835. இங்கே 50 பெரியது, அப்படியே விடலாம். பலரும் சறுக்குவது 12-இல்தான்: பகல் 12.30 என்பது 1230, அதில் 1200 கூட்டக் கூடாது, நள்ளிரவு 12.30 என்பது வெறும் 30.

பேரேடு:
கழிப்பதற்கு இது நல்ல வழி. கூட்டுவதற்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கடைசி இரண்டு இலக்கம் 60-ஐத் தாண்டினால் 40 சேர் என்று மட்டும் நினைவு வைத்திருப்பவர்கள் 855 + 850 = 1705 என்பதைப் பார்த்துவிட்டு, 05 தானே என்று விட்டுவிடுவார்கள். உண்மையில் 17 மணி 45. நிமிஷம் 105 ஆகி நூறைத் தாண்டியதால் தாண்டினதே தெரியாமல் ஒளிந்துகொண்டது. எட்டும் எட்டும் 16, திரையில் 17 இருந்தால் அப்போதும் 40 சேர்க்க வேண்டும். 14 பேருக்கு இதைக் கவனித்துக்கொண்டிருக்க முடியாது.

திதிபார்ப்பவர்:
இடையில் ஒரு சந்தேகம். பஞ்சாங்கத்தில் திதி 12-45 என்று நாழிகை, விநாழிகையில் இருக்கிறது. இதையும் இந்தக் கால்குலேட்டரில் மணியாக்கலாமா?

பேரேடு:
தாராளமாக. அதுவும் அறுபதுக் கணக்குதான்: 60 விநாழிகை ஒரு நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிஷம். விநாழிகையை முதலில் தட்டுங்கள்: 45 ÷ 60 + 12 = 12.75. அதை × 24 செய்தால் 306 நிமிஷம், அதாவது 5 மணி 6. சூரிய உதயத்திலிருந்து எண்ண வேண்டும். அன்று உதயம் 6.02 என்றால் பகல் 11.08 வரை அந்தத் திதி. உங்கள் ஊர் உதய நேரத்தைப் போடுங்கள், 6.00 என்று பொத்தாம்பொதுவாகப் போட வேண்டாம்.

பட்டறைக்கணக்கு:
பேரேடு சொன்னபடி தட்டினேன். 8 × 60 + 35-க்கு 515 வராமல் 480.35 வருகிறதே?

முனையம்:
மேலே ஒரு தள்ளும் சுவிட்ச் இருக்கும், ஏ, 0, 2, எஃப் என்று. உங்களுடையது ஏ-யில் நிற்கிறது. அது ரூபாய், பைசாவுக்கான வசதி: கூட்டும்போது புள்ளி தட்டாத 35-ஐ 0.35 ஆக எடுத்துக்கொள்ளும். எஃப்-க்குத் தள்ளிவிட்டு, ஏசி அடித்து, நினைவையும் அழித்துவிட்டு மறுபடி தட்டுங்கள்.

பட்டறைக்கணக்கு:
515 வந்துவிட்டது. ஆறு நாளும் சேர்த்து 3140.