கசப்பு மரவள்ளியில் வறுத்த ரவை: கட்டி தட்டுகிறது, லேசாகக் கசக்கிறது. எந்தப் படியில் கோளாறு?

மண்வெட்டி (கேள்வி)

வணக்கம். ஐந்து பேர் உள்ள குடும்பம். வருடம் முழுக்கச் சாப்பாட்டுக்கு மரவள்ளி ரவைதான். கசப்பு ரகம். ஒரு தடவைக்கு 100 கிலோ கிழங்கு பிடுங்குகிறோம். அன்றே தோல் சீவிக் கழுவி, ஆணியால் பொத்தல் போட்ட தகட்டில் துருவி, சாக்கில் கட்டி மேலே கல் ஏற்றி, மூன்றாம் நாள் சலித்து வறுக்கிறோம்.

பிரச்சினைகள் இவை. வறுக்கும்போது கோலி அளவுக்குக் கட்டி கட்டியாக உருள்கிறது. சில சாக்கு ரவை தண்ணீரில் போட்டால் உப்பாமல் மாவாகக் கரைந்து அடியில் படிகிறது. சிலதில் நாக்கின் ஓரத்தில் கசப்பு நிற்கிறது. மழை பிடித்த பிறகு பிடுங்கினால் ரவை குறைவாகத்தான் கிடைக்கிறது.

இன்னொன்று: துருவிப் புளிக்க வைப்பதெல்லாம் வீண் வேலை, சன்னமாகச் சீவி நல்ல வெயிலில் ஒரே நாளில் காயவைத்து அரைத்தாலே விஷம் போய்விடும் என்று சொல்கிறார்கள். உண்மையா?

---

கிழங்குக்காடு

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், உயிர் சம்பந்தப்பட்டது அதுதான். கசப்பு ரகத்துக்கு அந்த முறை கூடவே கூடாது.

காரணம் கிழங்குக்குள் இருக்கிறது. லினமாரின் என்ற பொருள் செல்லுக்குள் ஓர் அறையில் இருக்கிறது. அதை உடைக்கும் லினமரேஸ் நொதி செல்சுவரில் இருக்கிறது. கிழங்கு முழுசாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. செல்லை நசுக்கினால்தான் நொதி வேலையைத் தொடங்கும். லினமாரின் முதலில் அசிட்டோன் சயனோஹைட்ரினாக மாறி, அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு என்ற நஞ்சு பிரிந்து ஆவியாகப் போகும். அது 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் பொருள், அதனால் பிரிந்தபின் நிற்காது. ஆனால் லினமாரின் பிரியாமல் இருந்துவிட்டால் வெயிலுக்கும் அசையாது, சமையல் சூட்டுக்கும் அசையாது.

கத்தியால் சீவினால் வெட்டுப்பட்ட முகத்தில் இருக்கும் செல்கள் மட்டும் உடைகின்றன, உள்ளே இருப்பது அப்படியே இருக்கிறது. சன்னமான சீவலைக் கடும் வெயிலில் வேகமாகக் காயவைத்தால் ஈரம் போய் நொதியும் நின்றுவிடும். பார்க்க வெள்ளை வெளேரென்று நல்ல மாவாகத் தெரியும், உள்ளே லினமாரின் நிறைய மிச்சம் இருக்கும். வேகமாகக் காய்வது இங்கே எதிரி.

அப்படியே வேகவைத்தால் என்ன என்று கேட்பார்கள். கொதி வந்ததும் நொதி செத்துவிடும். தண்ணீரில் கரைந்து இறங்கும் பங்கு மட்டுமே போகும். இனிப்பு ரகத்துக்கு அது போதும். பச்சைக் கிழங்கில் சயனைடு கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால்தான் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரம் அதை இனிப்பு ரகம் என்கிறது. கசப்பு ரகத்தில் அது பல நூறாக இருக்கலாம். மரவள்ளி மாவுக்குக் கோடெக்ஸ் வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 10 மில்லிகிராம்.

இப்போது உங்கள் கசப்பு. துருவல்தான் நஞ்சை முறிக்கும் படி, புளிப்பு அல்ல. துருவிய முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி லினமாரின் உடைந்துவிடுகிறது. நன்றாகப் புளித்துவிட்டதே, பயமில்லை என்று எண்ண வேண்டாம். துருவலில் கண்ணுக்குத் தெரியும் துண்டு கிடந்தால் அதற்குள் செல்கள் உடையாமல் இருக்கின்றன, எத்தனை நாள் புளித்தாலும் அது முழுசாக மாறாது. தகட்டின் முனைகள் மழுங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கையில் எடுத்துத் தேய்த்தால் துருவல் கூழ் போல இருக்க வேண்டும், அரிசி அளவு துண்டு தட்டக் கூடாது. கையில் பிடிக்க முடியாத கடைசித் துண்டுகளை "பரவாயில்லை" என்று சாக்கில் போட்டுவிடுவார்கள். அவற்றை உரலில் இடித்துச் சேருங்கள். தகடு துருப்பிடித்திருந்தால் ரவை சாம்பல் நிறமாகும், அதையும் மாற்றிவிடுங்கள்.

துருவிய உடனே பாரத்தை ஏற்றுவதும் தவறு. நொதிக்கு ஈரம் வேண்டும். முதல் நாள் சாக்கைக் கட்டிச் சும்மா வையுங்கள், அல்லது லேசான கல் போதும். முழுப் பாரம் வறுப்பதற்கு முந்தைய நாள்.

---

அடுப்படி

கட்டி தட்டுவதும் உப்பாமல் கரைவதும் ஒரே இடத்தில் பிறக்கும் இரண்டு கோளாறுகள். ஈரமும் சூடும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

பிழிந்த பிண்டத்தில் ஈரம் பாதிக்குப் பாதி இருக்க வேண்டும். அளவுகோல் உள்ளங்கைதான். ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் பிசுபிசுக்கக் கூடாது. தண்ணீர் தெரிந்தால் சட்டியில் போட்டதும் மாவுச்சத்து வெந்து பசையாகி உருளத் தொடங்கும். அதுதான் உங்கள் கோலிக் கட்டி. வெளியே வறுபட்டு உள்ளே ஈரத்தோடு இருக்கும், சாக்கில் பூஞ்சணத்தை முதலில் கொண்டுவருவதும் அதுதான்.

கல் ஏற்றுவதில் ஒரு குறை உண்டு. நடுவில் அழுத்தம் விழும், ஓரத்தில் விழாது. சாக்கைப் பாதியில் ஒரு தடவை அவிழ்த்து, ஓரத்தில் இருப்பதை நடுவுக்குத் தள்ளித் திரும்பக் கட்டுங்கள். இரண்டு கனத்த பலகைகளுக்கு நடுவே வைத்து, நாலு மூலையிலும் கயிறு போட்டுக் கழியால் முறுக்கினால் கல்லைவிட நன்றாகப் பிழியும். மறுபக்கம், அளவுக்கு மீறிப் பிழிந்தாலும் கெடுதல்தான். ஈரம் போதாமல் மாவு வேகாது.

சலிப்பதை அவசரப்படுத்தாதீர்கள். பிண்டத்தைக் கையால் உதிர்த்து, சல்லடையில் தேய்த்து இறக்குங்கள். மேலே நிற்கும் நாரையும் துண்டையும் திரும்ப அழுத்தி உள்ளே தள்ளாதீர்கள். கசப்பு மிச்சம் இருப்பது அந்தத் துண்டுகளில்தான்.

வறுப்பு இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் மாவு வேக வேண்டும், அதாவது தன் ஈரத்திலேயே பாதி வெந்து ஒவ்வொரு மணியும் தனித்தனியாக இறுக வேண்டும். சட்டியை முன்பே சூடேற்றி, துணியால் எண்ணெய் துடைத்து, அகலச் சட்டிக்கு 4 கிலோவுக்கு மேல் போடாமல், கை நிறுத்தாமல் சட்டியின் ஓரத்தில் அழுத்தித் தேய்த்துக் கிளறுங்கள். ஆவி குபுகுபுவென்று எழும். ஆவி தணிந்து, ரவை சட்டியில் சரசரக்க ஆரம்பித்ததும் தீயைக் குறைத்து இரண்டாம் கட்டம்: உலர்த்துவது மட்டும். மொத்தம் 20 முதல் 30 நிமிடம்.

உப்பாமல் கரையும் சாக்குகள் எல்லாம் முதல் கட்டத்தில் தீ குறைவாக இருந்தவை. வேகாமல் காய்ந்த மாவு அது. சரியாக வறுத்த ரவை குளிர்ந்த தண்ணீரில் தன் அளவைப்போல் மூன்று மடங்காவது உப்பும். ஒவ்வொரு சட்டியிலிருந்தும் ஒரு பிடி எடுத்துக் கண்ணாடித் தம்ளரில் ஊறவைத்துப் பாருங்கள், எந்தச் சட்டி கோளாறு என்று அங்கேயே தெரியும்.

ஆறிய பிறகே சாக்கில் கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மாதக்கணக்கில் நிற்கும். பல்லில் கடித்தால் நொறுங்க வேண்டும், மெல்லும்படி இருந்தால் இன்னொரு முறை சட்டிக்குப் போகட்டும்.

வறுக்கும் இடம் திறந்த வெளியாக, காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி இருக்கட்டும். அந்த ஆவியோடு சயனைடும் போகிறது. சின்னப் பிள்ளைகளைச் சட்டி அருகே உட்கார வைக்கவே கூடாது.

---

கரணை

மழைக்குப் பின் ரவை குறைவதற்குக் காரணம்: வறட்சி முடிந்து மழை விழுந்ததும் செடி புதுத் தளிர் விடுகிறது. அதற்குக் கிழங்கில் சேர்த்த மாவுச்சத்தைத்தான் எடுக்கும். கிழங்கு பார்க்கப் பெரிசாக இருக்கும், உள்ளே தண்ணீர். உடைத்துப் பாருங்கள்: சட்டென்று முறிந்தால் நல்லது, வளைந்து நார் இழுத்தால் இப்போது பிடுங்காதீர்கள். இலை விரிந்து நிலைத்த பின் மாவு திரும்பச் சேரும்.

பிடுங்கும்போது தண்டை ஓரடி விட்டு வெட்டி, சுற்றி மண்ணை இளக்கி, அந்தக் குச்சியைப் பிடித்து நேராகத் தூக்குங்கள். கிழங்கின் கழுத்தை ஒட்ட நறுக்காமல் இரண்டு விரல் கடை விடுங்கள். காயம் பட்ட இடத்திலிருந்துதான் நீலக் கோடு ஓட ஆரம்பிக்கும், இரண்டு மூன்று நாளில் உள்ளே முழுக்கப் பரவிவிடும். பிடுங்குவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே செடியின் தலையை வெட்டிவிட்டால் அந்தக் கெடுதல் தள்ளிப்போகும். வெட்டிய தண்டில் நடுப்பகுதியை நிழலில் நிறுத்தி வையுங்கள், அடுத்த நடவுக்குச் சாண் நீளக் கரணை.

கணக்கும் சொல்கிறேன். 100 கிலோவில் தோலும் முனைகளும் 20 முதல் 25 கிலோ. பிழிந்த பிண்டம் 45 முதல் 50 கிலோ. ரவை 20 முதல் 25 கிலோ. இருபதுக்குக் கீழே போனால் தோலை ஆழமாகச் சீவுகிறீர்கள், அல்லது கிழங்கில் தண்ணீர். தோல் சீவுவதுதான் பெரிய வேலை என்று தோன்றும். ஆனால் 4 கிலோ வீதம் வறுத்தால் பன்னிரண்டு சட்டி, கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். ஒரே சட்டி இருக்கும் குடும்பம் அதற்கு மேல் பிடுங்காமல் இருப்பது நல்லது. வறுக்கக் காத்திருக்கும் பிண்டம் மிகைப் புளிப்பு ஏறிவிடும்.

---

மண்வெட்டி

மிக்க நன்றி. தகடு மழுங்கியிருப்பது உண்மைதான், துருவலில் துண்டு நிறைய வருகிறது. இரண்டு சந்தேகம். புளிப்பு பிடிக்காதவர்கள் வீட்டில் இருக்கிறார்கள், ஒரே நாளில் வறுக்கலாமா? ஏற்கெனவே கசக்கும் ரவை ஒரு சாக்கு இருக்கிறது, அதை என்ன செய்வது?

---

கிழங்குக்காடு

துருவல் கூழாக இருந்தால் ஒரு முழு இரவு வைத்து மறுநாள் பிழிந்து வறுக்கலாம், புளிப்பு மிதமாக இருக்கும். துருவிய அன்றே வறுக்காதீர்கள். துண்டு விழும் தகடு இருக்கும்வரை ஒரு நாள் முறை வேண்டவே வேண்டாம். புளிப்பு ஏறிய துருவலில் சயனோஹைட்ரின் உடையாமல் நின்றுகொள்ளும் என்பதும் நினைவிருக்கட்டும். அதை வெளியேற்றுவது பிழிவதும் வறுப்பதும்தான், ஆகவே புளித்த பிண்டத்தை அரைகுறையாக வறுக்கக் கூடாது.

கசக்கும் ரவையை மாவாக அரைத்து ஈரமாக்கும் முறையில் கொஞ்சம் திருத்தலாம். மாவைப் பாத்திரத்தில் போட்டு மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கிளறினால் மட்டம் முதலில் இறங்கும். திரும்பக் குறிக்கு வரும்வரை விடுங்கள். பிறகு பாயில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாமல் பரப்பி, வெயிலில் 2 மணி நேரம் அல்லது நிழலில் 5 மணி நேரம் விட்டு, அன்றே சமைத்துவிடுங்கள். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் பிராட்பரி குழு பச்சை மாவுக்காக வகுத்த முறை இது. மாவில் உயிரோடு இருக்கும் நொதிதான் அங்கே வேலை செய்கிறது. நன்றாக வறுபட்ட ரவையில் நொதி செத்திருக்கும், அங்கே பலன் குறைவு. ஆகவே உங்கள் சாக்கில் வேகாமல் கரையும் ரவைக்கு இது ஓரளவு பயன்படலாம். நன்றாக வறுபட்டும் கசக்கிறதென்றால் அதைத் தினச் சாப்பாட்டில் வைக்காதீர்கள், குழந்தைகளுக்குக் கட்டாயம் கொடுக்காதீர்கள். கசப்பே தெரியவில்லை என்பதும் முழு உத்தரவாதம் அல்ல. பிக்ரேட் தாள் சோதனை கிடைத்தால் செய்துவிடுவது நல்லது: மஞ்சள் தாள் பழுப்பாக மாறும் அளவை வைத்துச் சயனைடு எவ்வளவு என்று சொல்லிவிடலாம்.

இதில் நான் கடுமையாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1981இல் மொசாம்பிக்கின் நம்புலா பகுதியில் வறட்சி. வறட்சியில் கிழங்கில் நஞ்சு கூடும், பசியில் பதப்படுத்தும் நாள் குறையும். ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு, பெரும்பாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், திடீரென்று கால்கள் விறைத்து முடங்கின. கொன்சோ என்ற அந்த நோய் வந்தால் கால்கள் பழையபடி திரும்புவதில்லை. காங்கோவில் கிழங்கை ஊறவைக்கும் நாளைக் குறைத்த இடங்களிலும் அதே நோய் வந்திருக்கிறது.

---

அடுப்படி

இதோடு சேர்த்து ஒன்று. உடம்பு சயனைடை மாற்றி வெளியேற்றக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் தேவை. மரவள்ளியில் புரதம் ஒன்றிரண்டு சதவீதம்தான். ரவையே தினச் சாப்பாடு என்றால் முட்டையோ மீனோ பயறு வகையோ அதே வேளையில் இருக்க வேண்டும். அயோடின் உப்பும் முக்கியம். சயனைடு மாறி உண்டாகும் தயோசயனேட் கழுத்துக்கழலையைக் கூட்டும்.

---

கரணை

பிழிந்த தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதைக் குளத்துக்கோ வாய்க்காலுக்கோ விடாதீர்கள், மீன் சாகும். ஆடு மாடு வாய் வைக்காதபடி கிணற்றுக்குத் தூரமாகக் குழி வெட்டி அதில் இறக்குங்கள். குழிக்குப் போகும்முன் ஒரு வாளியில் பிடித்து அசையாமல் சில மணி நேரம் வைத்தால் அடியில் வெள்ளை மாவு படியும். மேல் தண்ணீரை வடித்து, புதுத் தண்ணீர் விட்டுக் கலக்கி இரண்டு மூன்று முறை தெளியவைத்துக் காயவைத்தால் சுத்தமான மாவுச்சத்து. தோலைப் பச்சையாக ஆட்டுக்குப் போடக் கூடாது, சதையைவிடத் தோலில்தான் நஞ்சு கூடுதல். சிறிசாக நறுக்கிப் பல நாள் காயவைத்த பிறகு, மற்றத் தீனியோடு கலந்து கொஞ்சமாகப் போடலாம்.