ஆர்ட்ஸ்-லாவா, காமர்ஸ்-லாவா? நாளை மறுநாள் கடைசி நாள், சிட்னிக்காரங்க யாராச்சும் சொல்லுங்க

கோவை அம்மா:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. பொண்ணுக்கு ஏட்டார், அதான் யூனி அட்மிஷனுக்குப் பார்க்கற ரேங்க், வந்துருச்சு, 96க்கு மேல. சட்டம்தான் படிப்பேன்னு ஒரே பிடிவாதம். இங்க லா தனியா எடுக்காம இன்னொரு டிகிரியோட சேர்த்து அஞ்சு வருஷம் படிக்கறாங்களாமே, அதுல அவ ஆர்ட்ஸ்-லா கேக்கறா, வீட்டுக்காரர் காமர்ஸ்-லா எடு, வேலையாவது கிடைக்கும்ங்கறார். ரெண்டு பேரும் நேத்துல இருந்து பேசிக்கறதில்ல, அவ சாப்பிடவும் இல்ல. யூனி அட்மிஷன் நடத்தற யுஏசில விருப்ப வரிசைய மாத்த நாளை மறுநாள் ராத்திரி வரைக்கும்தான் டைம் இருக்கு. ஊர்ல இருந்திருந்தா கிளாட் நுழைவுத் தேர்வு எழுதி எங்கயாவது சேர்ந்திருப்பா, இங்க எனக்கு யாரக் கேக்கறதுன்னே தெரியல. எது நல்லதுன்னு சொல்லுங்க ப்ளீஸ்.

பிளாக்டவுன் அண்ணன்:
அம்மா தப்பா நினைக்காதீங்க, லா எதுக்கு? நர்சிங், ஐடி, டீச்சிங்னு போனா மூணு நாலு வருஷத்துல வேலை. நான் 2017ல வந்தப்ப சென்னைல டீம் லீடா இருந்த ஆளு, இங்க "லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா"ன்னே கேட்டுக் கேட்டு ஆறு மாசம் ராத்திரி ஷிஃப்ட்ல கிடங்குல பெட்டி தூக்கினேன், முதுகு வலி இன்னிக்கும் இருக்கு, அப்ப என் பொண்டாட்டிக்கு எட்டாம் மாசம், கார் கிடையாது, விடிகாலை ரெண்டு மணிக்கு ஸ்டேஷன்ல இருந்து நடந்தே வருவேன். அந்த நிலைமை நம்ம பிள்ளைங்களுக்கு வரக்கூடாதுன்னுதான் சொல்றேன். வேலை கிடைக்கிற படிப்பா பாருங்க.

ஹோம்புஷ் மாமா:
தங்கச்சி, பிள்ளை விரும்பினதைப் படிக்க விடுங்கோ. காசைப் பற்றி யோசிக்காதேங்கோ, எல்லாம் அரசாங்கத்தின்ட ஹெக்ஸ் கடன்ல போகும், பிறகு உழைக்கேக்க சம்பளத்தில கழிப்பினம். நாங்கள் 2010ல வந்தனாங்கள், எங்கட மகள் 2013ல லோ தொடங்கினவ, ஒரு சதம் கையால கட்டேல்ல. வந்த முதல் குளிருக்கு எங்களிட்ட ஹீட்டர் கூட இல்லை, நாலு பேரும் ஒரு அறையில படுத்தனாங்கள், அந்த வீட்டில இருந்துதான் அவ லோயரா வந்தவ. பயப்பிடாதேங்கோ.

பிளாக்டவுன் அண்ணன்:
மாமா, அப்படி எல்லாருக்கும் கிடைக்காது. எங்க பக்கத்து வீட்டுல முழு ஃபீஸும் கையில இருந்து கட்டறாங்க, வருஷத்துக்கு 50,000 டாலருக்கு மேல.

ஹோம்புஷ் மாமா:
அது வெளிநாட்டு மாணவர் கட்டணம் தம்பி. இவையள் குடும்பமா வந்தவையள். நான் நடந்ததைத்தான் சொல்லுறன்.

மெல்போர்ன் அக்கா:
எதுக்கு இப்பவே லாவுல மாட்டிக்கணும்? மெல்போர்ன் யூனிவர்சிட்டில 2008ல இருந்தே இளங்கலை சட்டம் கிடையாது, முதல்ல ஏதாவது டிகிரி முடி, அப்புறம் மூணு வருஷம் ஜேடின்னு பட்டதாரிகளுக்கான சட்டப் படிப்பு. என் தங்கை பையன் அப்படித்தான் பண்றான். 17 வயசுல என்ன தெரியும், வளர்ந்து முடிவு பண்ணட்டுமே.

மதுரை வக்கீல்:
ஜேடிய லேசா சொல்லிட்டீங்க. அதுல நிறைய இடம் முழுக் கட்டணம்தான், அரசு மானியம் உள்ள சீட் கொஞ்சம். மதுரை கோர்ட்ல 8 வருஷம் பிராக்டிஸ் பண்ணிட்டு வந்தவன் நான். இங்க என் பட்டத்த மதிப்பீடு பண்ணி, ஆஸ்திரேலிய அரசியல் சட்டம், நிர்வாகச் சட்டம், சொத்துச் சட்டம்னு திரும்பப் படிக்கச் சொன்னாங்க. 36 வயசுல 19 வயசுப் பிள்ளைங்களோட உட்கார்ந்து பரீட்சை எழுதினேன், பகல்ல படிப்பு, ராத்திரி டாக்ஸி. ஊர்ல ஜாமீன் மனு எத்தனையோ வாதாடினவன், இங்க ஒரு சின்ன ஆஃபீஸ்ல ஃபைல் அடுக்கற வேலைக்குக் கூட பதில் வரல. அது கிடக்கட்டும். கேள்விக்கு வர்றேன்: வக்கீலாகறதுக்கு கூட எந்த டிகிரி எடுத்தாங்கிறது கணக்கே இல்ல. பிரீஸ்ட்லி 11னு பதினோரு சட்டப் பாடம் இருக்கு, ஒப்பந்தம், குற்றவியல், சொத்து, சாட்சியம்னு, அது எல்லா எல்எல்பிலயும் வரும். அப்புறம் பிஎல்டின்னு நடைமுறைப் பயிற்சி, அதுக்குத் தனியா ஃபீஸ். அப்புறம்தான் மாநில சுப்ரீம் கோர்ட்ல பதிவு, அதுக்கு மேல ரெண்டு வருஷம் இன்னொருத்தர் மேற்பார்வைல வேலை. காமர்ஸ் இருந்தா வரி, கம்பெனி சட்டம் பக்கம் போக உதவும், ஆனா பிடிக்காத பாடத்த மூணு வருஷம் இழுத்தா மார்க் போகும், இங்க முதல் வேலைக்கு மார்க்தான் பார்க்கறாங்க.

தூங்காபி ரகு:
படிப்பு இருக்கட்டும், வாடகைய சொல்லுங்க. நாங்க வந்து மூணு மாசம் வீடு பார்க்கப் போனா வாசல்ல 40 பேர் வரிசை, சம்பளச் சீட்டு கொடு, பழைய வீட்டு ஓனர் கடிதம் கொடுன்னா புதுசா வந்தவன் எங்க போவான்? கடைசில ஒரு கராஜுக்கு மேல ரூம்.

பிளாக்டவுன் அண்ணன்:
அதேதான். அதுலயும் குழந்தை இருக்குன்னா ஏஜென்ட் திரும்பக் கூப்பிடறதே இல்ல.

மெல்போர்ன் அக்கா:
இங்கயும் அதே கதை. சைல்ட்கேர் சேர்த்தா ஒரு சம்பளம் அப்படியே போயிடுது, ஊர்ல அம்மா கூட இருந்திருந்தா இந்த நிலைமை வருமா? அம்மாவ மூணு வருஷமா பார்க்கல.

ஸ்டூடண்ட் சென்டர் வசந்தா:
எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க, அந்தம்மாவுக்கு ரெண்டு நாள்தான் இருக்கு. நான் யூனிவர்சிட்டில மாணவர் உதவி மையத்துல வேலை பார்க்கறேன், தினமும் இதே குழப்பத்தோட குடும்பங்க வர்றாங்க. அக்கா, மூணு விஷயம் சொல்லுங்க. என்ன விசா? எந்த மாசம் உள்ள வந்தீங்க? பொண்ணுக்கு எந்தப் பாடம் பிடிக்கும்? இது தெரியாம யாரும் பதில் சொல்ல முடியாது. மாமா சொல்றதும் நிஜம், அண்ணன் சொல்றதும் நிஜம், ரெண்டும் வேற வேற விசா.

கோவை அம்மா:
190 விசாங்க, ஊர்லயே பிஆர், அதான் நிரந்தரமா தங்கற உரிமை, கிடைச்சு 2023 செப்டம்பர்ல வந்தோம், வந்த உடனே ஹெச்எஸ்சி, இங்கத்த பிளஸ் டூ, ஆரம்பம், அந்தப் பிள்ளை பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவளுக்கு இங்கிலீஷ்னா உயிர், அதுல எக்ஸ்டென்ஷன்னு கூடுதல் பாடமும் எடுத்தா. பிஆர்னா ஹெக்ஸ் கிடைக்கும்தானுங்களே?

ஸ்டூடண்ட் சென்டர் வசந்தா:
கிடைக்காதுக்கா. இதத்தான் யாரும் முன்னாடி சொல்றதில்ல, பிப்ரவரில வந்து அழுவாங்க. பிஆர் இருந்தா மானிய விலை சீட் உண்டு, வெளிநாட்டு ஃபீஸ் இல்ல. ஆனா ஹெக்ஸ் கடன் சிட்டிசனுக்கும், நிரந்தர மனிதாபிமான விசாவுல வந்தவங்களுக்கும்தான், அப்புறம் நியூசிலாந்து மாதிரி சில நாட்டுக்காரங்கள்ல சிலருக்கு. மாமா குடும்பம் ரெண்டாவது வகைன்னு நினைக்கறேன், அதான் கட்டல. உங்க பொண்ணுக்கு ஒவ்வொரு செமஸ்டர் ஃபீஸும் சென்சஸ் டேட்டுக்குள்ள, அதான் அந்த செமஸ்டருக்கு யூனி வைக்கற கெடு நாளுக்குள்ள, முழுசா கையில இருந்து கட்டணும், ஒரு நாள் தாண்டினாலும் மானிய சீட்ல படிக்கறத நிறுத்திடுவாங்க.

இப்ப கணக்கு. ஃபீஸ் டிகிரிக்கு இல்ல, பாடத்துக்கு. 2025ல சட்டம், அக்கவுண்டிங், எகனாமிக்ஸ், காமர்ஸ் எல்லாம் மேல் ரேட், எட்டுப் பாடம் சேர்ந்த முழு வருஷத்துக்கு 16,992 டாலர், அதாவது ஒரு பாடம் 2,124. சயின்ஸ், ஐடி பாடங்க வருஷத்துக்கு 9,314. இங்கிலீஷ், மொழிகள், கணக்கு கீழ் ரேட், 4,627, ஒரு பாடம் 578 டாலர் சுமாருக்கு. 2021ல இப்படி மாத்தினாங்க. அப்ப காமர்ஸ்-லான்னா 40 பாடமும் ஏறக்குறைய எல்லாமே மேல் ரேட், இந்த ரேட்லயே பார்த்தாலும் கிட்டத்தட்ட 85,000 போகும். ஆர்ட்ஸ்-லால அவ இங்கிலீஷ மேஜரா எடுத்தா முதல் வருஷம் அஞ்சு இங்கிலீஷ், மூணு லான்னு வச்சுக்கங்க, 9,300க்குள்ள முடிஞ்சிடும். ஆனா ஆர்ட்ஸ்னாலே மலிவுன்னு நினைக்காதீங்க, ஹிஸ்டரி, பாலிடிக்ஸ், சோஷியாலஜி எல்லாம் லா ரேட்தான்.

அடுத்தது முக்கியம். சிட்டிசன்ஷிப்புக்கு நாலு வருஷம், கடைசி ஒரு வருஷம் பிஆரா இருக்கணும். 2027 செப்டம்பர்ல அப்ளை பண்ணலாம், ஒப்புதல், விழா எல்லாம் முடிய 2028 ஆகலாம். அதுக்கப்புறம் வர்ற சென்சஸ் டேட்ல இருந்து ஹெக்ஸ் உண்டு, யூனிக்குச் சொல்லி புது ஃபார்ம் கொடுக்கணும், தானா மாறாது. அவ அப்ப 18 தாண்டியிருப்பா, உங்க அப்ளிகேஷன்ல சேர்க்க முடியாது, தனியா போடணும். நாலு வருஷத்துல மொத்தம் 12 மாசத்துக்கு மேல, கடைசி வருஷத்துல 90 நாளுக்கு மேல வெளிநாட்டுல இருக்கக் கூடாது, அதனால பாட்டி வீட்டுக்கு அனுப்பறப்ப நாள் எண்ணி அனுப்புங்க. படிக்கற பிள்ளைங்களுக்கு அரசாங்கம் தர்ற யூத் அலவன்ஸ் கிடைக்குமான்னு கேட்பீங்க, அதுக்கும் நாலு வருஷம் காத்திருக்கணும்.

அப்ப நீங்க பார்க்க வேண்டியது, முதல் மூணு வருஷத்துல எத்தனை லா பாடம் வருதுங்கறதுதான். சிட்னி யூனிவர்சிட்டி மாதிரி சில இடத்துல முதல் மூணு வருஷம் பெரும்பாலும் மத்த டிகிரி, கடைசி ரெண்டு வருஷம் முழுக்க லா. அங்க ஏட்டார் 99.5, அது வேண்டாம். மத்த இடத்துல முதல்ல இருந்தே கலந்து வரும், எவ்வளவுன்னு ஒவ்வொரு யூனி ஹேண்ட்புக்லயும் இருக்கு, ராத்திரி அவளோட உட்கார்ந்து எண்ணுங்க. கையில இருந்து கட்டற வருஷத்துல மலிவுப் பாடம், ஹெக்ஸ் வந்தப்புறம் லா. ஸ்டூடண்ட் விசா இல்லாததால ஒரு செமஸ்டர் பாடத்தக் குறைச்சுக்கவும் செய்யலாம்.

மதுரை வக்கீல்:
இது எனக்கே தெரியாது. ஒண்ணு மட்டும் சேர்த்துக்கறேன், இங்க வக்கீலா பதிவு பண்ண சிட்டிசன்ஷிப் தேவையில்ல, சில அரசாங்க வேலைக்குத்தான் கேப்பாங்க. ஊருக்குத் திரும்பி பிராக்டிஸ் பண்ற எண்ணம் இருந்தா பார் கவுன்சில் ஆஃப் இந்தியா அங்கீகரிச்ச யூனியான்னு பாருங்க, அப்புறம் அங்க தகுதித் தேர்வும் எழுதணும்.

ஹோம்புஷ் மாமா:
ஓம், நாங்கள் மனிதாபிமான விசாவிலதான் வந்தனாங்கள். எல்லாருக்கும் அப்பிடித்தான் எண்டு இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டு திரிஞ்சிட்டன். தங்கச்சி குறை நினைக்காதேங்கோ. மகளின்ட லோ புத்தகங்கள் நாலு பெட்டி கிடக்கு, பழைய பதிப்புத்தான், பிள்ளைக்குத் தேவையெண்டா கொண்டு வந்து தாறன்.

கோவை அம்மா:
மாமா, நீங்க தைரியம் சொன்னதுக்கே நான் அழுதுட்டேன். வசந்தாம்மா எழுதினத வீட்டுக்காரருக்கு அப்படியே படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசாம நோட்டு எடுத்து ரெண்டு பக்கம் கணக்குப் போட்டார், அப்புறம் அவரே போய் ரூம் கதவத் தட்டினார். இப்ப ரெண்டு பேரும் ஹேண்ட்புக் திறந்து வச்சு எண்ணிட்டு இருக்காங்க, அவ தோசை சாப்பிட்டுட்டே. மக்குவாரி ஆர்ட்ஸ்-லா முதல்ல, வெஸ்டர்ன் சிட்னி ரெண்டாவது, காமர்ஸ்-லா மூணாவதுன்னு வச்சிருக்கோம். ஒரே சந்தேகம், காமர்ஸ மூணாவதா வச்சா அது தானா மேல வந்துருமா?

ஸ்டூடண்ட் சென்டர் வசந்தா:
வராது அக்கா. மேல இருந்து பார்த்துட்டு வருவாங்க, தகுதி இருக்கிற முதல் இடத்துல ஆஃபர் நின்னுடும். விருப்ப வரிசைல அஞ்சு இடம் இருக்கு, ரெண்டு காலியா விடாதீங்க. மாத்தினதும் உறுதி மெயில் வருதான்னு பாருங்க, கடைசி ராத்திரி வரைக்கும் வைக்காதீங்க.