புதுப்பிப்பு: தென்காசி மனை பதிவாகிவிட்டது, இனி வீட்டு வரைபடம்

தென்காசிக்கு அருகே எட்டு சென்ட் மனை பார்த்திருப்பதாகவும், எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்றும் முன்பு கேட்டிருந்தேன். பதிவு முடிந்துவிட்டது. வில்லங்கச் சான்று (மனைமீது பதிவான விற்பனை, அடமான விவரம்), தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமைப் பத்திரம்) இரண்டிலும் சிக்கல் இல்லை. ஆனால் புலப்படத்தை (மனையின் எல்லை அளவுகள் குறித்த நில அளவை வரைபடம்) வைத்து அளந்தபோதுதான் பக்கத்துத் தோட்டத்து வேலி ஓரடி என் மனைக்குள்ளே வந்திருப்பது தெரிந்தது. தோட்டத்து அண்ணாச்சி தாமே எல்லைக் கல்லை மாற்றி நட்டுக் கொடுத்தார், நல்ல மனிதர். முன்பணம் கொடுக்கும் முன்பே அளந்துவிடுங்கள்.

இப்போது என் கவலையெல்லாம் வெயிலும் காற்றும்தான். தென்காசி ஏறத்தாழ 9 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். அதனால் வடக்குச் சுவருக்கும் அகலமான தாழ்வாரம் கேட்டிருக்கிறேன். ஜூன் பிறந்தால் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரியங்காவுக் கணவாய் வழியே மேல்காற்று (மேற்கிலிருந்து வீசும் காற்று) சாரலையும் அள்ளிக்கொண்டு வரும். மேற்கே பெரிய ஜன்னல் வைத்தால் படுக்கை நனையும். அங்கே சிறிய ஜன்னல், காற்று வெளியேறக் கிழக்கில் பெரிய திறப்பு. சுவர் எலிப்பொறிக் கட்டு: செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விடுவதால் செங்கல்லும் மிச்சம், வெப்பமும் குறையும்.

கூரைக்கு ஓடா, கான்கிரீட்டா என்பது மட்டும் முடிவாகவில்லை. சாரல் காலத்தில் ஓட்டு வீட்டில் வாழ்ந்தவர்கள் அவசியம் சொல்லுங்கள்.