“புள்ளிக்குப் புள்ளி” வேண்டாம், வேறு சொல் தாருங்கள்

*வெள்ளவத்தையிலிருந்து, வலையமைப்பு ஆசிரியை, சனி மாலை*

எல்லோருக்கும் வணக்கம். செவ்வாய் காலை அச்சுக்குப் போக வேண்டிய பாடக்குறிப்பு ஒரு சொல்லில் நிற்கிறது. தமிழ்மொழிமூல வகுப்பு. பாடத்தில் வரும் உதாரணம் இது: ஒரு கம்பனியின் அலுவலகம் கோட்டையில், களஞ்சியம் கட்டுநாயக்கவில். நேர்கோட்டில் ஏறக்குறைய 26 கிலோமீற்றர். இரண்டு கூரையிலும் ஒவ்வொரு டிஷ் ஏற்றி, ஒன்றையொன்று பார்க்கத் திருப்பி, இடையில் கம்பி எதுவும் இல்லாமல் இரண்டு வலையமைப்பையும் ஒன்றாக்குகிறோம்.

பழைய குறிப்பில் இதற்கு “புள்ளிக்குப் புள்ளி இணைப்பு” (point-to-point) என்று இருக்கிறது. போன கிழமை ஒரு பிள்ளை எழும்பி, “மிஸ், எந்தப் புள்ளி?” என்று கேட்டாள். அவள் கேட்டது சரி. எங்கள் பிள்ளைகளுக்குப் புள்ளி என்றால் சோதனையில் எடுக்கும் புள்ளி. இரண்டு கட்டடத்தைப் புள்ளி என்று யார் சொல்வார்கள்? செய்யும் வேலை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு சொல் வேண்டும்.

*கொட்டாஞ்சேனையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சனி இரவு*

மகளுக்கு, “தொடுப்பு” என்று எழுதுங்கள். தொடு என்ற அடியை எடுத்துப் பாருங்கள். பூவைத் தொடுத்தால் ஒன்றோடு ஒன்று சேர்கிறது. அம்பைத் தொடுத்தால் குறி பார்க்கிறோம். சேர்ப்பதும் குறிபார்ப்பதும் ஒரே வினையில். நீங்கள் சொல்லும் டிஷ் இந்த இரண்டையும்தானே செய்கிறது? செய்யுளில் மோனையையும் எதுகையையும் தொடை என்கிறோம், அதுவும் இதே வேர். தூரத்தில் நிற்கும் இரண்டு அடிகளை ஓர் ஒலி கட்டி வைக்கிறது, நடுவில் கயிறு இல்லை. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

*வெள்ளவத்தை, ஞாயிறு காலை*

மாஸ்டர், வேர் விளக்கம் அருமை. ஆனால் “அவருக்கு அங்கே ஒரு தொடுப்பு இருக்கிறது” என்று ஊரில் எதைச் சொல்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அதைப் பலகையில் எழுத எனக்கு மனம் வராது.

*சென்னையிலிருந்து, மென்பொருள் தமிழாக்கம் செய்பவர், ஞாயிறு மதியம்*

இங்கே எங்களுக்கும் இதே தலைவலி இருக்கிறது. “நேரலை” என்று ஒருவர் சொன்னார், அதைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டுவிட்டது. “இருமுனை” என்றால் மின்னியலில் வேறு பொருள் வந்துவிடும். நான் நினைப்பது “கண்ணெட்டு இணைப்பு”. கண்ணுக்கெட்டிய தூரம் என்பது எல்லோருக்கும் தெரியும், இந்த இணைப்புக்கும் பார்வைக்கோடுதான் உயிர். அப்புறம் ஒன்று, நீங்கள் அதிர்வெண்ணை மீடிறன் என்று எழுதுகிறீர்கள். இரண்டு நாட்டுக்கும் பொதுவாக ஒன்றை வைக்கலாமே?

*ராஜகிரியவிலிருந்து, மொழிபெயர்ப்பாளர், ஞாயிறு மதியம்*

மீடிறனைத் தொடவேண்டாம். இங்கே தலைமுறை தலைமுறையாகப் பாடசாலையில் படித்த சொல் அது. அதைப் பற்றி வேறு நாள் கதைப்போம்.

*தெஹிவளையிலிருந்து, கோபுர வேலை செய்பவர், ஞாயிறு இரவு*

நான் தமிழ் இலக்கணம் படித்தவன் இல்லை. டிஷ் பூட்டுகிறவன். கண்ணெட்டு பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அந்தச் சொல்லை நம்பிப் பிள்ளைகள் ஏமாந்துவிடுவார்கள்.

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை நூல்போல ஓடுவதில்லை, நடுவில் பருத்த வெள்ளரிக்காய்போல விரிந்து போகிறது. அதைத்தான் பிரனெல் வலயம் என்கிறோம். அக்கா சொன்ன 26 கிலோமீற்றரை 5.8 கிகாஹேர்ட்ஸ் மீடிறனில் போட்டுப் பாருங்கள். நடுவில் அந்த வலயத்தின் ஆரை 18 மீற்றர் வரும். அதில் 60 வீதமாவது மறைப்பில்லாமல் இருக்க வேண்டும், அது 11 மீற்றர். பூமியின் வளைவு நடுவில் இன்னும் 10 மீற்றர் எழும்பி நிற்கும். ஆக 21. கீழே 20 மீற்றர் தென்னை நின்றால் கோடு 41 மீற்றரில் போக வேண்டும். ஏணியில் ஏறி “அந்தா தெரியுது” என்று சொல்லிவிட்டு இறங்க முடியாது. இன்னொரு பக்கம், அலை காற்றில் சற்று வளைவதால் கண்ணின் தொடுவானத்தையும் தாண்டிப் போகும். கண் ஓரிடத்தில் கூடச் சொல்கிறது, ஓரிடத்தில் குறைத்துச் சொல்கிறது.

வேலைத்தலத்தில் நாங்கள் “பிரிட்ஜ்” என்போம். பாலம் என்று வைக்கலாமா என்று யோசித்தேன், ஆனால் வலையமைப்புப் பாடத்தில் பாலம் என்று ஒரு கருவி ஏற்கெனவே இருக்கிறது. டிஷ்ஷைத் திருப்பும்போது அந்தப் பக்கம் நிற்கிறவரிடம் போனில் கேட்பது ஒரே ஒரு கேள்வி: “முகம் பார்க்குதா?”

அதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருமுறை இரவு எட்டு மணிவரை நின்று பூட்டினோம். இணைப்பு வந்துவிட்டது, ஆனால் கணக்கைவிடச் சைகை 18 டெசிபெல் குறைவு. கேபிளை மாற்றினோம், அசையவில்லை. கடைசியில் ஆணியைத் தளர்த்தி டிஷ்ஷை நாலைந்து பாகை இடப்பக்கம் கொண்டுபோனோம். சைகை முதலில் செத்தேவிட்டது, பிறகு ஒரேயடியாக மேலே ஏறியது. அதுவரை அது பக்கவாட்டில் கசிகிற சிறு கதிரைத்தான் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அதற்கும் தமிழில் ஒரு பெயர் தாருங்கள்.

*கொட்டாஞ்சேனை, ஞாயிறு நள்ளிரவு*

தம்பி, அதற்குப் பெயர் “பக்க மடல்”. காது மடல் என்கிறோம் அல்லவா, அதுபோல. நேரே போகும் முதன்மைக் கதிர் தலை மடல். தாழையின் மடல், கடிதமாகிய மடல், காதல் கைகூடாதவன் ஏறும் பனை மடல் எல்லாம் ஒரே சொல். பனை மடலில் ஏறியவனும் தன் காதல் ஊருக்குத் தெரியவேண்டும் என்றுதான் தெருவில் வந்தான்.

தம்பி சொன்ன “முகம் பார்க்குது” என்னை உறங்கவிடவில்லை. நான் தொடுப்பைக் கைவிடுகிறேன். “எதிர்முக இணைப்பு” என்று வையுங்கள். எதிர் என்றதும் பகை என்று யாராவது எழுதுவார்கள், அவர்களுக்கு முன்கூட்டியே: எதிர்வீட்டுக்காரர் பகைவரா? விருந்தினரை எதிர்கொள்கிறோம். எதிர் என்பது முதலில் முகத்துக்கு நேர், பகையெல்லாம் பிறகு வந்தது.

*சென்னை, திங்கள் காலை*

எனக்குச் சம்மதம். முன்னால் “கம்பியில்லா” சேர்க்க வேண்டுமா?

*கொட்டாஞ்சேனை, திங்கள் காலை*

சேர்க்கலாம். தந்தி என்றாலே நரம்பு, கம்பி. வீணையில் இருப்பதும் அதுதான். மார்கோனியின் கருவி வந்தபோது நம் முன்னோர் “கம்பியில்லாத் தந்தி” என்றார்கள். கம்பியில்லாக் கம்பி! ஒருவருக்கும் அது உறுத்தவில்லை, ஏனென்றால் தந்தி அதற்குள் செய்தி ஆகியிருந்தது. சொல் புழக்கத்தில் பழுத்துவிட்டால் வேர் வழிவிட்டுவிடும்.

*ராஜகிரிய, திங்கள் மதியம்*

மாஸ்டர் கடைசியில் சொன்னதையே நான் உங்களுக்கு எதிராகப் பிடிக்கிறேன். வேர் வழிவிடும் என்றால் புள்ளியும் நாளைக்குப் பழுக்கும்தானே? என் கவலை அழகைப் பற்றியது இல்லை. ஒரு சொல் தனியாக வராது. ஒரு கோபுரத்திலிருந்து பல கிளைகளுக்குப் போகும் இணைப்பும் இதே பாடத்தில் அடுத்த பக்கத்தில் வருகிறது. “புள்ளியிலிருந்து பல புள்ளிகளுக்கு” என்று அதை நான் யோசிக்காமல் எழுதுவேன். எதிர்முகத்தை வைத்து அதை எப்படிச் சொல்வீர்கள்? பன்முகம் என்றால் வேறு பொருள். பல எதிர்முகமா? ஒரு கோபுரம் எத்தனை பேரை எதிரே பார்க்கும்?

*தெஹிவளை, திங்கள் மாலை*

ராஜகிரிய அக்கா சொல்வது சரி. அந்த அன்ரனா ஒருவரையும் முகம் பார்ப்பதில்லை, 90 அல்லது 120 பாகைக்கு விரித்துக்கொண்டு நிற்கும். அது வேறு வேலை. வேறு வேலைக்கு வேறு சொல் இருந்தால் என்ன?

*ராஜகிரிய, திங்கள் இரவு*

இரண்டும் ஒரே குடும்பம் என்று மாணவருக்குச் சொல்லே சொல்ல வேண்டும். நான் இதில் அசையமாட்டேன். அலுவலக ஆவணத்தில் புள்ளிக்குப் புள்ளி என்றே எழுதுவேன்.

*வெள்ளவத்தை, திங்கள் இரவு, 11 மணி*

எல்லோருக்கும் நன்றி. நேரம் இல்லை. “எதிர்முக இணைப்பு” என்று போட்டு அனுப்புகிறேன். ராஜகிரிய அக்காவுக்காக முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் “புள்ளிக்குப் புள்ளி இணைப்பு என்றும் வழங்கும்” என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அடுத்த பக்கத்தில் “ஒரு கோபுரம், பல கிளைகள்” என்று வாக்கியமாகவே எழுதிவிட்டேன், சொல் வைக்கவில்லை. பக்க மடலும், தம்பியின் 41 மீற்றர் கணக்கும் பயிற்சியில் இருக்கின்றன.

*ராஜகிரிய, செவ்வாய் காலை*

அந்த வெற்றிடத்தைத்தான் நான் சொன்னேன்.