360 டிகிரி படத்தில் பார்வைக் கணிப்பு: மேகமும் முக்காலியும்தான் சிவக்கின்றன, உதவுங்கள்

கேட்பவர் (மூணாறு):
டாப் ஸ்டேஷன் போகும் வழியில் எடுத்த 360 டிகிரி படங்களில், பார்ப்பவர் கண் எங்கே போகும் என்று கணிக்க முயல்கிறேன். சாதாரண போட்டோக்களில் பயிற்சி பெற்ற AI மாடல். தேயிலைச் சரிவும் சாலையோர ஆட்களும் சிவப்பாக வருவார்கள் என்று பார்த்தால், ஹீட்மேப்பில் (கண் அதிகம் போகும் இடத்தைச் சிவப்பாகவும் போகாத இடத்தை நீலமாகவும் காட்டும் படம்) மேலே மேகமும் கீழே முக்காலிக் காலும் சிவக்கின்றன. அப்புறம், இடது ஓரத்தில் பாதியும் வலது ஓரத்தில் பாதியுமாக வெட்டுப்பட்ட மரம் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம். மாடலை மாற்றிவிடட்டுமா?

பதில் (கொழிஞ்சாம்பாறை):
மாடல் இருக்கட்டும் தம்பி, அதற்குக் கொடுக்கும் படத்தை மாற்றுங்கள். சுற்றிலும் தெரியும் உருண்டைக் காட்சியை 2:1 செவ்வகமாக விரித்திருக்கிறீர்கள். அடிவானத்திலிருந்து மேலேயும் கீழேயும் 60 டிகிரிக்கு அப்பால் உள்ள பகுதி செவ்வகத்தில் மூன்றில் ஒரு பங்கை அடைக்கிறது. உருண்டையில் அது சுமார் 13 சதவீதம்தான். இழுபட்ட மேகம் மாடலுக்குப் பெரிய பொருளாகத் தெரிகிறது.

கனசதுரத்தின் 6 முகங்களாகப் பிரித்துக் கணியுங்கள். ஒவ்வொரு முகத்தையும் 90 டிகிரியோடு நிறுத்தாமல் 120 வரை எடுத்தால் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும், இணைப்புக்கோடு தெரியாது. மரத்தின் சிக்கலும் அதிலேயே போய்விடும்.

ஒன்றைக் கவனியுங்கள். போட்டோ எடுப்பவர்கள் முக்கியமானதை நடுவில் வைப்பதால், இந்த மாடல்கள் நடுப்பகுதியைச் சிவப்பாக்கவே பழகியிருக்கும். 6 முகம் கொடுத்தால் நடுவில் 6 பொட்டு வரும். கனசதுரத்தைப் பல கோணங்களில் திருப்பி, கணிப்புகளின் சராசரியை எடுங்கள்.

பதில் (குமுளி):
அதோடு, அடிவானத்தை ஒட்டிய பகுதிக்குக் கொஞ்சம் கூடுதல் எடையும் சேர்க்கலாம். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், 169 பேரை வைத்துப் பார்த்தபோது பார்வை பெரும்பாலும் அடிவானத்தை ஒட்டியே இருந்தது. ஆனால் மலைச் சரிவில் கண் பள்ளத்தாக்குக்கு இறங்கும். அதனால் லேசாகவே சேர்ப்பேன். கேமரா சாய்ந்திருந்தால் முதலில் படத்தை மட்டப்படுத்துங்கள்.

கேட்பவர்:
நன்றி அண்ணா! முகங்களாகப் பிரித்ததுமே மேகம் அடங்கிவிட்டது, மரமும் ஒட்டிக்கொண்டது. திருப்பிச் சராசரி எடுக்கப் போகிறேன். நண்பர்களை VR ஹெட்செட்டில் பார்க்க வைத்து, அவர்கள் பார்த்த இடங்களோடு கணிப்பை ஒப்பிடும்போது, எவ்வளவு பொருந்துகிறது என்ற மதிப்பெண்ணை அப்படியே போடலாமா?

பதில் (கொழிஞ்சாம்பாறை):
வேண்டாம். செவ்வகப் படத்தின் ஒவ்வொரு பிக்சல் வரியையும் அதன் அட்சக்கோணத்தின் (அடிவானத்திலிருந்து மேலோ கீழோ உள்ள கோணம்) கொசைனால் பெருக்குங்கள். இல்லையென்றால் வானமும் தரையும் மதிப்பெண்ணைக் கூட்டிக் காட்டும். ஒவ்வொருவருக்கும் தொடக்கத் திசையை மாற்றிக் கொடுங்கள். முதல் சில நொடிகள் எல்லோரும் எதிரில் தெரிவதையே பார்ப்பார்கள்.