ஹெட்லைட்டைப் பிரித்து ப்ரொஜெக்டர் பொருத்தலாமா?

வைப்பாற்றுக்கரை:
என்னிடம் இருப்பது 2012இல் வாங்கிய ஹேட்ச்பேக் கார். எச்4 ஹாலோஜன் பல்பு போட்ட ரிஃப்ளெக்டர் (ஒளியை முன்னே திருப்பும் வளைந்த பரப்பு) வகை ஹெட்லைட். மேல்மூடி மஞ்சள் பூத்துவிட்டது. இரவில் சாத்தூரிலிருந்து கோவில்பட்டிக்குப் போகும்போது, டிம்மில் சாலையோரக் கோடுகூடத் தெரிவதில்லை. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ப்ரொஜெக்டர் (லென்ஸ் வழியே ஒளியைக் குவித்து அனுப்பும் விளக்கு) ஜோடியை வாங்கி, ஹெட்லைட்டை வீட்டு ஓவனில் சூடாக்கிப் பிரித்து நானே பொருத்தலாம் என்று எண்ணுகிறேன். கடைக்காரரோ எல்இடி பல்பு மாட்டினாலே போதும் என்கிறார். எதைச் செய்யலாம்?

பழைய ஒயர்மேன்:
இரண்டையும் சற்று ஒத்திவையுங்கள், தம்பி. எச்4 பல்பினுள் இரண்டு இழைகள் உண்டு. டிம் இழைக்குக் கீழே இருக்கும் சிறிய உலோகக் கிண்ணம், ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு ஒளி போகாமல் மறைப்பதால்தான் எதிரே வருபவர் கண்ணில் வெளிச்சம் அடிப்பதில்லை. எல்இடி பல்பில் ஒளி புறப்படும் இடம் சிறிது தள்ளியிருந்தாலும் அந்தக் கணக்கு கெட்டு, வெளிச்சம் சிதறும். 100/90 வாட் (பிரைட்/டிம்) பல்பு பக்கமும் போகாதீர்கள். 60/55 வாட்டுக்கென அமைந்த ஹோல்டர் உருகியதை நானே பார்த்திருக்கிறேன்.

முதலில் மல்டிமீட்டரை எடுத்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, டிம் எரியும்போதே பேட்டரி முனையிலும் பல்பு ஹோல்டரிலும் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். பழைய கார்களில் மின்னோட்டம் முழுவதும் மெல்லிய ஒயர் வழியாக ஸ்விட்சுக்குப் போய்த் திரும்புவதால், வழியிலேயே ஒன்றிரண்டு வோல்ட் கரைந்துவிடும். மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தாலே ஹாலோஜன் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் ஃப்யூஸ், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், டிம்முக்கும் பிரைட்டுக்கும் ஒவ்வொரு ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கிப் பெரிய மின்னோட்டத்தை இணைக்கும் ஸ்விட்ச்) என்று அமைத்து, பழைய ஒயரை ரிலேயை இயக்க மட்டும் பயன்படுத்துங்கள். ஃப்யூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

மேல்மூடியை 800, 1500, 2000 எண் என்று படிப்படியாக நுண்மையான உப்புத்தாளால், தண்ணீர் விட்டுத் தேயுங்கள். தேய்த்ததோடு விட்டால் சில மாதங்களில் மீண்டும் மஞ்சளாகும் என்பதால், புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு அவசியம்.

இரவு ஓட்டுநர்:
ப்ரொஜெக்டரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால், டிம் ஒளியின் மேல்விளிம்பு இடப்பக்கத்தில் உயர்ந்திருக்க வேண்டும். மலிவாக வருபவற்றில் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கென்று செய்தவையும் கலந்திருக்கும். அவற்றின் உயர்ந்த பகுதி நேராக எதிர்வண்டிக்காரர் முகத்தில் விழும். நான் இதை அறியாமல் வாங்கி, பொருத்திய பிறகு முழுவதையும் கழற்றினேன்.

பிரிப்பதும் எல்லா ஹெட்லைட்டிலும் நடக்காது. மேல்மூடியை ஒட்டியிருக்கும் பியூட்டைல் (ரப்பர் போன்ற) பசை 100 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடத்தில் இளகும். கெட்டியான பசை போட்டிருந்தால் சூட்டுக்கு மசியாது, விளிம்பு உடையும். சமைக்கும் ஓவன் வேண்டவே வேண்டாம். ஒட்டியதில் சிறு இடைவெளி விட்டாலும் முதல் மழையிலேயே உள்ளே நீர் கோக்கும். தவிர, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.

வைப்பாற்றுக்கரை:
அளந்து பார்த்தேன், ஐயா. பேட்டரியில் 13.8, இடப்பக்க ஹோல்டரில் 12.3 வோல்ட். ரிலே வேலை முடிந்து, மூடியையும் தேய்த்துப் பூச்சு அடித்தேன். இப்போது ஹோல்டரில் 13.5 வருகிறது, ஓரக்கோடும் தெரிகிறது. ப்ரொஜெக்டர் வாங்கவில்லை. ஆனால் வலப்பக்க ஒளி சற்று மேலே அடிக்கிறது, எப்படிச் சரிசெய்வது?

பழைய ஒயர்மேன்:
டயர்க் காற்றைச் சரிபார்த்து, சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். டிம் ஒளியின் மேல்விளிம்பு, ஹெட்லைட் மையத்தின் உயரத்தைவிட 10 சென்டிமீட்டர் கீழே விழும்வரை பின்புறத் திருகைத் திருப்புங்கள். அதற்கு முன் பல்பு ஹோல்டரில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கழற்றி மாட்டும்போது கண்ணாடியில் விரல் படக் கூடாது.